பால் திரிந்தால் பழி யாருக்கு?



“ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி பிரை” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. பிரை என்பது பாலைத் தோய்ப்பதற்கு இடும் உறைமோர். துளியளவு உறைமோர் ஒரு குடம் பாலையும் ஓர் இரவில் தயிராக்கி விடுகிறது. சிறியது பெரியதை மாற்றவல்லது என்னும் உலகியல் உண்மையை விளக்க இப்பழமொழியை எடுத்தாளுவர். ஆனால் அந்தத் துளிக்குள் இருப்பது யாது? பாலை மாற்றும் ஆற்றல் அதற்கு எங்கிருந்து வந்தது? நல்ல உறை விழுந்தால் தயிராகும் அதே பால், வேறொரு நேரத்தில் திரிந்து நாறுவது ஏன்? இந்த வினாக்களுக்கு விடை காண மனித குலத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்விடையின் கடைசி ஏடுகள் நம் காலத்தில்தான் எழுதப்பட்டன. அந்த வரலாற்றை இன்று சுருக்கமாகக் காண்போம்.

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அணைக்கட்டுகளும் கால்வாய்களும் பாய்ச்சும் நீரில் காரும் பிசானமும் விளையும் பூமி இது. நெல் விளையும் இடத்தில் வைக்கோல் உண்டு. வைக்கோல் உள்ள இடத்தில் மாடும் எருமையும் உண்டு. ஆதலின் இவ்வாற்றங்கரையில் வயலை அடுத்து வருவது தொழுவமே. நிலமில்லாத வீட்டிலும் ஒரு கறவை நிற்கும். அக்கறவையின் பாலைக் கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் பலர்.

இத்தகைய வீட்டில் ஒரு நாள் பால் திரிந்துவிட்டால் என்ன நேரும்? பால் சொசைட்டியில் அதனை ஏற்கமாட்டார்கள். தூக்குப் பாத்திரத்தோடு திரும்பி வந்து கீழே கொட்ட வேண்டியதுதான். அன்றைய வருவாய் போயிற்று. போனது அது மட்டுமா? பழி ஒன்றும் தோன்றிவிடுகிறது. எதிர்வீட்டுக்காரியின் கண்பட்டது என்பார் ஒருவர். புதிதாய் வந்த மருமகளின் கைராசி என்பார் மற்றொருவர். கறந்தவள் தண்ணீர் கலந்தாள் என்று வாங்குவோர் ஐயுறுவர். பால் பொங்குவதை மங்கலமாகக் கொள்ளும் நாட்டில், பால் திரிவது அமங்கலமாகக் கருதப்பட்டதில் வியப்பில்லை. ஆயினும், காரணம் தெரியாத இடத்தில் பழி பெரும்பாலும் எளியவர் தலையில்தான் விழுகிறது. இதை நீங்கள் நெஞ்சிற் கொள்ளவேண்டும். இன்றைய பேச்சின் உயிர்நிலை இதுவே.

பால் விரைவில் கெடும் என்பதை நம் முன்னோர் நன்கறிவர். அதனால் அவர்கள் பாலைப் பாலாகவே வைத்திருக்க முயலவில்லை; தயிராக்கினர், மோராக்கினர், வெண்ணெயைக் காய்ச்சி நெய்யாக்கினர். நெய்யில் நீர்ப்பசை மிகக் குறைவு; ஆதலின் அது நெடுநாள் நிற்கும். பாண்டிய நாட்டுக் கோயிற் கல்வெட்டுகள் பலவற்றில், இறைவன் திருமுன் எரியும் நந்தா விளக்குக்காக ஆடுகளும் பசுக்களும் தானமாக விடப்பட்ட செய்தியைக் காணலாம். இவற்றைப் பெற்றுக்கொண்டவர்கள் நாள்தோறும் குறித்த அளவு நெய் அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அறக்கட்டளை பாலாக அளக்கப்படாமல் நெய்யாக அளக்கப்பட்டதில் ஓர் அனுபவ அறிவு இருக்கிறது.

குளிர்நாட்டு மக்கள் வேறொரு வழி கண்டனர். பாலை உறையச் செய்து, நீரைப் பிழிந்து, உப்பிட்டு, அச்சில் அழுத்தி, நிலவறையில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் முதிர வைத்தனர். அதுவே பாலாடைக்கட்டி, ஆங்கிலேயர் சீஸ் என்பர். நமக்குத் தயிர் எப்படியோ அவர்களுக்கு அஃது அப்படி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தயிர் கெட்டால் ஒரு நாள் உழைப்புப் போகும். பல மாதம் முதிர்ந்த கட்டி கெட்டால் அத்தனை மாத உழைப்பும் முதலும் ஒருங்கே போகும். ஆகவே பால் ஏன் கெடுகிறது என்னும் ஆராய்ச்சி மேலைநாட்டில் தீவிரமாக நடந்தது இயல்பே.

1780-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஷீலே, புளித்த பாலிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதுவே லாக்டிக் அமிலம். பால் புளிப்பதற்குக் காரணமான பொருள் கிடைத்துவிட்டது. அப்பொருளை ஆக்கியவர் யார் என்பது தெரியவில்லை. உயிரற்ற பொருள்கள் தாமே சிதைவதன் விளைவு அது என்று பேரறிஞர் பலர் எண்ணினர். 1857-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், புளிப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் வாழ்க்கைச் செயல் என்று எடுத்துக்காட்டினார். அவ்வுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் மிகும்போது பாலின் புரதம் திரண்டு கட்டியாகிறது. நாம் திரிதல் என்பதும் தோய்தல் என்பதும் இதுவே.

அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்தி எண்ணற்ற உயிர்களைக் காத்த லிஸ்டர் என்பவரை அறிந்திருப்பீர்கள். அவரும் புளித்த பாலை ஆராய்ந்தவரே. 1878-இல் அவர் கையாண்ட முறை எளிமையானது; அழகானது. புளித்த பாலில் ஒரு சிறு பகுதியை எடுத்து நீரில் மேலும் மேலும் கரைத்தார். ஒரு துளியில் சராசரி ஒரு நுண்ணுயிருக்கு மேல் இராத அளவுக்கு அதனை நீர்க்கச் செய்தார். அத்தகைய துளிகளைக் காய்ச்சித் தூய்மை செய்த பால் உள்ள கிண்ணங்களில் இட்டார். நுண்ணுயிர் விழுந்த கிண்ணத்துப் பால் உறைந்தது. விழாத கிண்ணத்துப் பால் அப்படியே நின்றது. ஒரே வகை நுண்ணுயிர் மட்டும் உள்ள தூய வளர்ப்பு அவர் கையில் கிடைத்தது. நம் வீட்டு ஆச்சிமார் நாள்தோறும் செய்துவந்த உறையிடுதலையே அவர் எண்ணிக்கையோடு செய்தார் என்று கூறலாம்.

அடுத்து வந்தவர் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக். 1884-ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கல்கத்தா நகரில் தங்கி, வாந்திபேதிக் கிருமியை நோயாளரிடமும் குளத்து நீரிலும் கண்டவர் அவரே. ஒரு கிருமியைக் குற்றவாளி என்று தீர்ப்பதற்கு அவருடைய ஆராய்ச்சிப் பள்ளி கடுமையான விதிகளை வகுத்தது. நோயுள்ள இடத்தில் அக்கிருமி காணப்பட வேண்டும். அதனைத் தனியே பிரித்து வளர்க்க வேண்டும். வளர்த்ததை நலமான உடலில் புகுத்தினால் அதே நோய் தோன்ற வேண்டும். அங்கிருந்து அதே கிருமி மீண்டும் கிடைக்க வேண்டும். இவை காக்கின் விதிகள் எனப்படும். ஒருவர் களவு நடந்த தெருவில் நின்றார் என்பதனாலேயே அவர் கள்வர் ஆகிவிடமாட்டார் என்னும் நீதியை விஞ்ஞானத்துக்குள் கொண்டுவந்தவை இவ்விதிகள்.

இந்நுண்ணுயிர்களின் வலிமை அவற்றின் பெருக்கத்தில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயில் காயும் திருநெல்வேலியில், கறந்த பாலில் ஒரே ஒரு பாக்டீரியா விழுந்ததென்று கொள்வோம். அது அரை மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிவதாக வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இரட்டிக்கும், எண்ணிக்கை 4,096. பத்து மணி நேரத்தில் இருபது முறை இரட்டிக்கும். எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். பாலை உடனே குளிர வைத்தால் இப்பெருக்கம் மிகவும் தளர்ந்துவிடுகிறது. ஆகவே பால் விஷயத்தில் ஒவ்வொரு மணி நேரமும் பெருமதிப்புடையது.

காக்கின் காலத்துக்குப் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள், நுண்ணுயிரை அறிவதற்கு அதனை வளர்த்துப் பார்ப்பதே முதன்மையான வழியாக இருந்தது. இதில் ஒரு குறை உண்டு. எல்லா நுண்ணுயிரும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர இசைவதில்லை. வளராத உயிர் கண்ணுக்கும் அகப்படாது, கணக்கிலும் சேராது. உண்மைக் குற்றவாளி அவ்வாறு மறைந்து நின்றால், தட்டில் எளிதாய் வளரும் வேறொன்றின்மீது பழி போய்ச் சேரும். இக்குறையைத் தீர்த்தது மரபணு எழுத்தைப் படிக்கும் கலை.

ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. அடினீன், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு மூலங்கள் நான்கு எழுத்துகளைப் போல அவ்விழையில் வரிசையாய் அமைந்துள்ளன. அவ்வுயிர் எதை உண்ணும், எதை வெளியிடும், எந்த நிறத்தை ஆக்கும் என்பதற்கான குறிப்புகள் அவ்வரிசையில் அடங்கியுள்ளன. 1977-இல் இங்கிலாந்தின் பிரெடரிக் சாங்கர் இவ்வெழுத்துகளைப் படிக்கும் சிறந்த முறையொன்றை வெளியிட்டார். 1995-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஹீமோபிலஸ் இன்புளுயன்சா என்னும் பாக்டீரியாவின் எழுத்து முழுவதையும் படித்து முடித்தனர். தனித்து வாழும் ஓர் உயிரின் முழு ஏடும் படிக்கப்பட்டது அதுவே முதல் முறை. அதில் 18 லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் இருந்தன.

இவ்வளவு நீண்ட ஏட்டை ஒரே மூச்சில் படிக்க இயலாது. எப்படிப் படித்தார்கள்? கல்வெட்டு ஆராய்ச்சியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். சேரன்மாதேவிக் கோயிற் சுவரிலுள்ள நீண்ட சாசனம் ஒன்றின் மைப்படிகள் பல, கண்டபடி கிழிந்த துண்டுகளாக நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு துண்டின் இறுதி வரியும் மற்றொரு துண்டின் முதல் வரியும் ஒன்றாயிருந்தால், அவ்விரண்டும் அடுத்தடுத்தவை என்று தெரிந்துகொள்கிறோம். இப்படியே துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சாசனம் முழுவதையும் மீட்கலாம். விஞ்ஞானிகளும் டி.என்.ஏ. இழையைச் சிறு துண்டுகளாக்கிப் படித்து, கணிப்பொறியின் துணையால் பொருத்துகிறார்கள். 2001-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள், பாலைப் புளிக்கச் செய்வதும் பாலாடைக்கட்டிக்கு உறையாவதுமான லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்னும் பாக்டீரியாவின் ஏட்டை இவ்வாறு படித்து முடித்தனர். அதன் நீளம் சுமார் 24 லட்சம் எழுத்துகள். லிஸ்டர் கிண்ணத்தில் பிடித்த வகையின் உள்ளெழுத்து இவ்வாறு உலகறிய வெளியாயிற்று.

இனி, ஒரு பாலில் எத்தனையோ வகை நுண்ணுயிர்கள் கலந்திருக்கும்போது, இன்னது இன்னதென்று அடையாளம் காண்பது எவ்வாறு? இதற்கு விடை தந்தவர் அமெரிக்க அறிஞர் கார்ல் ஊஸ். எல்லா உயிரணுக்களிலும் ரைபோசோம் என்னும் நுண்பொறி உண்டு. மரபணுக் குறிப்பைப் படித்துப் புரதத்தை நெய்யும் தறி அது. பாக்டீரியாக்களில் அத்தறியின் சிறிய பகுதிக்குள் 16எஸ் எனப்படும் ஓர் ஆர்.என்.ஏ. இழை இருக்கிறது, நீளம் சுமார் 1,500 எழுத்துகள். எல்லாப் பாக்டீரியாக்களிலும் அது உண்டு. ஆயினும் இனத்துக்கு இனம் சிறிது வேறுபடும். 1977-இல் ஊஸும் அவருடைய துணைவரும் இவ்வேறுபாட்டைக் கொண்டு உயிர்க்குலங்களின் உறவுமுறையையே வகுத்துக் காட்டினர். அன்று முதல் அவ்விழை பாக்டீரியாக்களின் குலப்பெயரைச் சொல்லும் முத்திரையாய்ப் பயன்பட்டு வருகிறது.

இவ்விடத்தில் தமிழ் மண்ணில் பிறந்த ஒருவரின் பெயர் வருகிறது. சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணன் முதலில் பௌதிகம் பயின்று, பின்னர் உயிரியலுக்கு வந்தவர். ரைபோசோமின் வடிவத்தை அணு அணுவாகக் காண முனைந்த அவர், ஆராய்ச்சிக்குத் தெர்மஸ் தெர்மோபிலஸ் என்னும் பாக்டீரியாவைத் தேர்ந்தார். ஜப்பானிய வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்து 1974-இல் ஒஷிமா, இமஹோரி என்போர் விவரித்த உயிர் அது. கை வைக்க முடியாத வெந்நீரில் வாழ்வதால் அதன் உறுப்புகள் உறுதியானவை, படிகமாக்குவதற்கு ஏற்றவை. 2000-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ராமகிருஷ்ணன் குழுவினர், 16எஸ் இழையைத் தன்னகத்தே கொண்ட அச்சிறிய பகுதியின் வடிவத்தை வெளியிட்டனர். ரைபோசோம் ஆராய்ச்சிக்காக 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகியோருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வெந்நீர் ஊற்றில் வாழும் அவ்வுயிருக்கும் பாலாடைக்கட்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பல நாடுகளில் பாலாடைக்கட்டித் தொழிலாளரை ஒரு கேடு பல பத்தாண்டுகளாக வாட்டிவந்தது. நன்றாக முதிர்ந்துவந்த கட்டிக்குள் திடீரென்று இளஞ்சிவப்பு நிறம் படரும். அப்படிப்பட்ட கட்டியை வாங்குவோர் இல்லை. இதற்குக் காரணம் என்ன? அன்னாட்டோ என்னும் விதைச் சாயத்தின்மேல் சிலர் பழி சுமத்தினர். உறையாக இட்ட நல்ல பாக்டீரியாக்களையே சிலர் குற்றம் கூறினர். கட்டிக்குள் நிகழும் இரசாயன மாற்றம் என்றனர் வேறு சிலர். எதுவும் ஐயமற நிலைநாட்டப்படவில்லை.

அயர்லாந்து நாட்டில் கார்க் மாவட்டத்தைச் சார்ந்த மூர்பார்க் என்னுமிடத்தில் டீகாஸ்க் என்ற அரசு வேளாண் நிறுவனத்தின் உணவு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகளும் அவர்களுடைய துணைவரும் 2016-இல் இப்புதிரை அவிழ்த்தனர். சிவந்த கட்டியையும் சிவக்காத கட்டியையும் எடுத்து, இரண்டிலும் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் படித்தனர். 16எஸ் முத்திரையைக் கொண்டு இரண்டிலும் குடியிருப்போரைக் கணக்கெடுத்தனர். சிவந்த கட்டியில் யாரும் எதிர்பாராத ஒரு பெயர் மிகுதியாகக் கிடைத்தது. அதுவே தெர்மஸ். கரோட்டினாய்டு என்னும் நிறப்பொருளை ஆக்கவல்ல இனம் அது. காரட்டுக்கு நிறம் தருவதும் இவ்வகைப் பொருளே.

அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை என்பதுதான் மாணவர்கள் கருத வேண்டிய செய்தி. பெயர் கிடைத்தவுடன் தீர்ப்பு எழுதவில்லை. காக்கின் பழைய விதிகளுக்குத் திரும்பிச் சென்றனர். சிவந்த கட்டியிலிருந்து தெர்மஸ் தெர்மோபிலஸைத் தனியே வளர்த்தெடுத்தனர். பிறகு புதிதாகப் பாலாடைக்கட்டி செய்யும்போது அதனை வேண்டுமென்றே சேர்த்தனர். அந்தக் கட்டியும் சிவந்தது. அதன் பின்னரே குற்றம் மெய்ப்பட்டது என்று அறிவித்தனர். புதிய கருவி குற்றவாளியைக் காட்டியது. பழைய நெறி அதனை உறுதி செய்தது. நிரபராதிகள் விடுதலை பெற்றனர்.

ஒரே உயிர், ஓர் ஆய்வுக்கூடத்தில் நோபல் பரிசுக்குரிய ஆராய்ச்சிக்குத் துணை செய்தது. மற்றோரிடத்தில் தொழிலாளரின் உழைப்பைக் கெடுத்தது. இயற்கையில் நண்பர், பகைவர் என்று முத்திரை குத்திக்கொண்டு எவ்வுயிரும் பிறப்பதில்லை. இருக்கும் இடமே அவ்வேறுபாட்டை உண்டாக்குகிறது.

இம்முறையால் வெளிப்பட்ட வேறு கேடுகளும் உண்டு. 2010-ஆம் ஆண்டில் இத்தாலியில் மோட்சரெல்லா என்னும் மென்மையான பாலாடைக்கட்டி, உறையைத் திறந்ததும் நீல நிறமாக மாறக் கண்டு மக்கள் திகைத்தனர். சூடோமோனாஸ் இனத்து பாக்டீரியாக்களே அதற்குக் காரணம். அவை குளிர்பெட்டியின் குளிரிலும் வளரவல்லவை. நீல நிறம் ஆக்கும் வகைகளின் ஏட்டை ஆக்காத வகைகளின் ஏட்டோடு பின்னர் ஒப்பிட்டு, நிறத்துக்குத் தொடர்புடைய மரபணுப் பகுதியை ஆராய்ச்சியாளர் தேடினர். மற்றொரு வகை கிளாஸ்ட்ரிடியம் டைரோபியூட்டிரிக்கம். தீவனத்தின் வழியாகப் பாலில் புகும் அதன் வித்துகள் பாலைச் சூடாக்கினாலும் மடிவதில்லை. மாதங்கள் கழித்து, முதிரும் கட்டிக்குள் முளைத்து வாயுவை வெளியிட்டுக் கட்டியை ஊதி வெடிக்கச் செய்யும். அதன் ஏடும் படிக்கப்பட்டுள்ளது. வெப்பத்தை விரும்புவது ஒன்று; குளிரைப் பொறுப்பது ஒன்று; வித்தாகி உறங்குவது ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை. பகைவர் இன்னார் என்று தெரிந்தால்தான் காவல் எங்கே வேண்டும் என்பதும் தெரியும்.

நண்பரின் ஏட்டையும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். தயிர் வகைகளுக்கு உறையாகும் லாக்டோபாசிலஸ் பல்கேரிகஸ் என்னும் பாக்டீரியாவை 1905-இல் கண்டறிந்தவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய நாட்டு மருத்துவ மாணவர். அப்போது ஜெனீவாவில் பயின்றுகொண்டிருந்தார். அதன் ஏடு 2006-இல் படிக்கப்பட்டது. சுமார் 18 லட்சத்து 60 ஆயிரம் எழுத்துகள். அதில் ஏறத்தாழ 270 மரபணுக்கள் சிதைந்து பயனற்றுக் கிடந்தன. ஏன்? ஒரு காலத்தில் தாவரங்களைச் சார்ந்து வாழ்ந்த உயிர் அது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். மனிதர் பாலைத் தோய்க்கத் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகப் பாலிலிருந்து பாலுக்கு மாற்றி வந்ததால், பழைய வாழ்க்கைக்கு வேண்டிய மரபணுக்கள் அதற்குத் தேவையற்றுப் போயின. கோயிற் சுவரில் மழையும் வெயிலும் பட்டுத் தேய்ந்த கல்வெட்டு எழுத்துகளைப் போல அவை அதன் ஏட்டில் நிற்கின்றன. பெயர் எழுதி வைக்காத கோடிக்கணக்கான பெண்கள், முதல் நாள் தயிரில் ஒரு கரண்டியை மறுநாளைக்கு எடுத்துவைத்த செயலின் வரலாறு, அந்த நுண்ணுயிரின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மன்னர்கள் வெட்டிய சாசனங்களுக்கு இது சிறிதும் தாழ்ந்ததன்று.

இந்த நுண்ணுயிரையே 2012 அக்டோபரில், ஐதராபாத்தில் நடந்த உயிர்ப்பன்மை மாநாட்டின்போது, இந்திய அரசு நாட்டின் தேசிய நுண்ணுயிராக அறிவித்தது. தேர்ந்தெடுத்தவர்கள் யார் தெரியுமா? நாடெங்கும் சென்ற விஞ்ஞானக் கண்காட்சி ரயிலைப் பார்க்க வந்த சிறுவர் சிறுமியரே. பறவையையும் மலரையும் பெரியவர்கள் தேர்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிரைப் பிள்ளைகள் தேர்ந்தார்கள்.

இனி நம் ஆற்றங்கரைக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் பால்வளத்துக்கென்று தனித்துறை 1958-இல் அமைந்தது. கூட்டுறவு இணையம் 1981-இல் தோன்றியது. ஆவின் என்னும் பெயரை அறியாத வீடு இல்லை. ஊர்தோறும் பால் சேகரித்து, குளிரூட்டி, நகரத்துக்கு அனுப்பும் இவ்வமைப்பின் முதற் கண்ணி, விடியற்காலையில் தொழுவத்தில் குந்தியிருந்து கறக்கும் பெண்ணின் கைதான். அவளுக்கு மரபணு ஏடு படிக்கும் கருவி தேவையில்லை. அவளுக்கு வேண்டியது அக்கருவி கண்ட உண்மை. பால் திரிவது கண்ணேறு அன்று, கைராசியும் அன்று. பாத்திரத்தின் விளிம்பிலும், மடியிலும், கழுவும் நீரிலும் தங்கிய உயிர்கள் வெயிலில் பெருகுவதே காரணம். பாத்திரத்தை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்தால், மடியைத் துடைத்துக் கறந்தால், கறந்த பாலைத் தாமதமின்றிக் குளிரூட்டும் நிலையத்தில் சேர்த்தால், அவ்வுயிர்களின் கணக்கு முதலிலேயே குறைந்துவிடும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆசிரியர் துணையோடு, தூய்மையான சோதனைக் குழாயில் பாலை எடுத்து, மெத்திலீன் நீலக் கரைசல் சிறிது சேர்த்து, 37 டிகிரி சூடுள்ள நீரில் நிறுத்துங்கள். பாலிலுள்ள நுண்ணுயிர்கள் பிராணவாயுவைச் செலவிடச் செலவிட நீல நிறம் மறையும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீலம் நின்றால் மிக நல்ல பால். அரைமணிக்குள் மறைந்தால் கெட்ட பால். காலையில் கறந்த பாலில் ஒரு பங்கை உடனே சோதியுங்கள். மற்றொரு பங்கை நண்பகல் வரை வெளியில் வைத்துச் சோதியுங்கள். வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வீட்டிற்குச் சென்று அதனைத் தாயிடமும் ஆச்சியிடமும் படித்துக் காட்டுங்கள். புத்தகத்தில் படித்த பாஸ்டரைவிட, தம் வீட்டுப் பாலில் பிள்ளை கண்ட உண்மையை அவர்கள் எளிதில் நம்புவார்கள்.

ஷீலே பொருளைக் கண்டார். பாஸ்டர் உயிரைக் கண்டார். லிஸ்டர் அதனைத் தனிப்படுத்தினார். காக் தீர்ப்புக்கு நெறி வகுத்தார். சாங்கரும் ஊஸும் எழுத்தைப் படிக்கக் கற்றுத் தந்தனர். சிதம்பரத்தில் பிறந்தவர் அவ்வெழுத்தைப் படிக்கும் பொறியின் வடிவத்தைக் காட்டினார். நாடுகள் பல, காலங்கள் பல, ஆயினும் எல்லோரும் கேட்ட வினா ஒன்றே: உண்மைக் காரணம் யாது? அவ்வினாவைக் கேட்காத இடத்தில் பால் மட்டுமன்று, மனித உறவும் திரிந்துவிடுகிறது. மருமகள்மேலும் அண்டை வீட்டாள்மேலும் சுமத்தும் பழிக்கு ஆராய்ச்சி தேவையில்லை. அப்பழியை நீக்குவதற்குத்தான் ஆராய்ச்சி தேவைப்படுகிறது. மாணவச் செல்வர்களே, உங்கள் ஊரில் ஒரு பாத்திரம் பால் திரிந்த செய்தி கேட்டால், யார்மேல் குற்றம் என்று முதலில் கேளாதீர்கள். எது காரணம் என்று கேளுங்கள்.